பாதிப் பாடம் வீட்டில் என்றால், யாருடைய வீட்டில்?

"வீடியோவை வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள், வகுப்பில் சந்தேகம் மட்டும் கேளுங்கள்." நிரலாக்கம் நடத்தும் ஆசிரியர்கள் பலர் இன்று இப்படித்தான் பேசுகிறார்கள். பாடத்தின் ஒரு பகுதி இணையத்தில், மறுபகுதி வகுப்பறையில். இதற்குக் கலப்புக் கற்றல் என்று பெயர். 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கருத்துரு, ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. ஸ்வயம் தளத்தின் வழியாக ஒரு பருவத்தில் எடுக்கக்கூடிய பாடங்களின் வரம்பு 2016இல் 20 விழுக்காடாக இருந்தது. அதுவும் 2021இல் 40 ஆனது.

இணையவழிக் கல்வி நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. அது வந்துவிட்டது. நாம் கேட்க வேண்டியது வேறு. பாடத்தை இரண்டாகப் பிரிக்கும்போது எந்தப் பாதி கல்லூரிக்கு வருகிறது, எந்தப் பாதி வீட்டுக்குப் போகிறது?

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி தொடக்கப்பள்ளி நேரத்தை 3 மணி நேரமாகச் சுருக்கினார். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். திராவிடர் இயக்கம் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சரியாகவே அடையாளம் காட்டி எதிர்த்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

கலப்புக் கற்றலும் குலக்கல்வியும் ஒன்றென்று சொல்ல முடியாது. நோக்கம் வேறு, காலம் வேறு. ஆனால் அந்தப் போராட்டம் நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று இன்றைக்கும் செல்லும்: வீடு எல்லோருக்கும் ஒன்றல்ல. சாதிச் சமூகத்தில் ஒரு பிள்ளையின் படிப்பை வீட்டிடம் ஒப்படைப்பது, அந்த வீட்டுக்குச் சாதி ஒதுக்கித் தந்த இடம், பணம், தொடர்பு ஆகியவற்றிடம் ஒப்படைப்பதுதான்.

நிரல் எழுதப் பழகுவது எங்கே?

வரலாற்றுப் பாடத்தின் பாதியை வீட்டில் வாசிக்கச் சொல்வதும் நிரலாக்கத்தின் பாதியை வீட்டுக்கு அனுப்புவதும் ஒன்றல்ல. நிரலாக்கம் கேட்டுக் கற்கும் பாடமில்லை. எழுத வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், பிழை வர வேண்டும், பிழைச்செய்தியை வாசித்து எங்கே தவறினோம் என்று தேட வேண்டும். சி மொழியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதற்காக, பைத்தானில் ஓர் இடைவெளி தவறியதற்காக அரைமணி நேரம் திரையை முறைத்துக்கொண்டு இருப்பதுதான் இந்தப் பாடத்தின் ஆரம்பப்பள்ளி. அந்த அரைமணி நேரம் பக்கத்தில் ஒரு கணினியும், கேட்டால் சொல்ல ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எல்லாப் பொறியியல் பிரிவுகளுக்கும் முதல் பருவத்திலேயே பைத்தான் வந்துவிடுகிறது. சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கும் விலக்கில்லை. அதற்கான லேப் வாரத்துக்கு 4 பாடவேளை. அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். பட்டியலில் உள்ள நிரலைத் தட்டி அவுட்புட் காட்ட வேண்டும். அதை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். செய்முறைத் தேர்வில் எந்தக் கேள்வி வந்தாலும் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க வேண்டும். பிழை செய்து கற்க அங்கே நேரமில்லை. பிழையே அங்கே மதிப்பெண் இழப்பு.

ஆகவே உண்மையான பழக்கம் ஏற்கெனவே கல்லூரிக்கு வெளியேதான் நடந்துகொண்டிருக்கிறது. இப்போது விளக்கத்தையும் வெளியே அனுப்பிவிட்டு, பயிற்சியை அசைன்மெண்ட் என்ற பெயரில் அதன் பின்னாலேயே அனுப்பினால் கல்லூரியில் எஞ்சுவது என்ன? வருகைப்பதிவும் தேர்வும்தான்.

வெளியே என்ன இருக்கிறது? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2017-18 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணினி இருந்த குடும்பங்கள் 10.7 விழுக்காடு. நகரத்தில் 23.4, கிராமத்தில் 4.4. அதன்பிறகு கைப்பேசி இணையம் பெருகியது உண்மை. ஆனால் கைப்பேசியில் நிரலைப் பார்க்கலாம், நூறு வரி எழுதிப் பிழை திருத்திப் பழக முடியாது. முடக்கக் காலத்தில் கருவி இல்லாத தவிப்பில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவிகளின் செய்திகளை நாடு வாசித்தது. அந்தச் செய்திகளோடு அந்தக் கேள்வி முடிந்துவிடவில்லை.

கருவியோடும் முடிவதில்லை. ஒரே அறை வீட்டில் மேசை எங்கே போடுவது? கல்லூரி பேருந்திலிருந்து இறங்கியதும் அடுப்பைப் பார்க்க வேண்டிய பெண்ணுக்கு வீடியோ பார்க்கும் நேரம் எது? வார இறுதியில் பெயிண்டிங் வேலைக்கோ கேட்டரிங் வேலைக்கோ போகும் பையன் சனி ஞாயிறு அசைன்மெண்டை எப்போது செய்வான்? பிழைச்செய்தி வந்தால் பெங்களூரில் வேலை செய்யும் சித்தப்பா மகனை வாட்ஸ்அப்பில் கேட்கலாம் என்பது சிலருக்குச் சாதாரணம். தலைமுறைகளாக அலுவலகப் படிக்கட்டு ஏறிய குடும்பத்துக்கு அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவருக்கு அப்படி யாருமில்லை.

முன்பே தெரிந்திருப்பது திறமை அல்ல

முதல் மாதத்திலேயே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லும் நான்கு பேர், தலைகுனிந்து குறிப்பெடுக்கும் நாற்பது பேர். நான்கு பேருக்கு கோடிங் மூளை என்று பெயர் வரும். நாற்பது பேரில் சிலர், இது நமக்கு வராது என்று தாங்களே முடிவுகட்டிக்கொள்வார்கள். அந்த நான்கு பேர் பள்ளியிலேயே நிரல் எழுதியவர்கள் என்பது யாருடைய கணக்கிலும் வராது.

இந்தத் தோற்றம் எவ்வளவு பொய் என்பதை அமெரிக்காவின் இரண்டு கல்லூரிகள் காட்டியிருக்கின்றன. அங்கே பிரச்சினை பாலினம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் சேர்ந்த பெண்கள் 1995இல் 7 விழுக்காடு. ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் மாணவர்களிடம் நீண்ட காலம் பேசி ஆராய்ந்தார்கள். ஆண் பிள்ளைகளின் அறையில் சிறுவயதிலிருந்தே கணினி இருந்தது. அந்த முன்பழக்கத்தைத்தான் எல்லோரும், ஆசிரியர்களும் பெண்களும் உட்பட, திறமை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் சேர்க்கையில் முன்பழக்கத்துக்கு இருந்த எடையைக் குறைத்தது. முன்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்று தொடக்கப் பாடத்துக்கு வேறுவேறு வாசல்களைத் திறந்தது. 2000இல் பெண்கள் 42 விழுக்காடு.

ஹார்வி மட் கல்லூரியும் 2006 வாக்கில் முதல் பருவ நிரலாக்கப் பாடத்தை முன்பழக்கத்தின்படி இரண்டாகப் பிரித்தது. வகுப்பில் தன் அறிவைக் காட்டி மற்றவர்களை மிரள வைக்கும் மாணவர்களிடம் ஆசிரியர்கள் தனியே பேசினார்கள். அடுத்த பாடத்தில் இரு பிரிவினரும் ஒன்றாகப் படித்தார்கள். அங்கே கணினி அறிவியலைத் தேர்ந்தெடுத்த பெண்கள் ஏறத்தாழ 10 விழுக்காட்டிலிருந்து சில ஆண்டுகளில் 40 விழுக்காட்டுக்கு வந்தார்கள்.

அங்கே ஆண் பிள்ளையின் அறையில் இருந்த கணினி செய்த வேலையை இங்கே சாதி செய்கிறது. மரபுரிமையாக வந்த வசதி எப்படித் தகுதி என்று பெயர் மாற்றிக்கொள்கிறது என்பதை ஐஐடி மெட்ராஸை மையமாக வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நுழைவுத்தேர்வு தரவரிசையைக் கேட்பது சாதியைக் கேட்பதன் இன்னொரு வழியாகிவிட்டது. அதனால்தான் சக மாணவரின் தரவரிசையைக் கேட்பது முறையல்ல என்று 2023இல் ஐஐடி பம்பாய் வழிகாட்டுதலே வெளியிட வேண்டியிருந்தது. கோடிங் வகுப்பில் "இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்வி தரவரிசை கேட்பதைப் போன்றதே. கேட்பவர் நிரலைப் பற்றிக் கேட்பதாகத்தான் நினைப்பார். கேட்கப்பட்டவருக்குத் தன் வீட்டைப் பற்றிக் கேட்டதாகவே விழும்.

அப்படியானால் வீடியோ வேண்டாமா?

வேண்டும். மரபான வகுப்பறையை நாம் ஒன்றும் பூசிக்கத் தேவையில்லை. ஒருமுறை மட்டும், ஆங்கிலத்தில், வேகமாகச் சொல்லப்படும் விரிவுரை யாருக்காக அமைந்தது? கையைத் தூக்கி, "சார், இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்கும் துணிச்சல்கூட நம் வகுப்பறைகளில் சமமாகப் பங்கிடப்படவில்லை. வீடியோவைப் பத்து முறை பின்னால் ஓட்டலாம். அது சலித்துக்கொள்ளாது, பெயரைக் கேட்காது, ஊரில் எந்தத் தெரு என்று கேட்காது. நிரலைத் தானாகச் சோதிக்கும் மென்பொருளும் அப்படித்தான். விடை சரியா தவறா என்று மட்டும் சொல்லும். கேலி செய்யாது.

எனவே மாற்ற வேண்டியது பிரிப்பின் திசையை. விளக்கத்தைக் கைப்பேசிக்கு அனுப்புவோம். அதனால் மிச்சமாகும் வகுப்பு நேரம் முழுவதையும் கல்லூரிக் கணினியில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, நிரல் எழுதுவதற்குக் கொடுப்போம். வீடு எதைத் தர முடியாதோ அது கல்லூரியில் கிடைக்க வேண்டும். கலப்புக் கற்றல் சமூகநீதிக்கு உதவுமா, எதிராகப் போகுமா என்பதை இந்த ஒன்றுதான் தீர்மானிக்கிறது.

இது நடக்கிற காரியம்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் கணினி ஆசிரியர்கள் விரிவுரையைக் குறைத்து வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். மாணவர்கள் முன்பே வாசித்துவிட்டு வருவார்கள். ஆசிரியர் ஒரு நிரல்துண்டைக் காட்டி, இது என்ன விடை தரும் என்று கேட்பார். ஒவ்வொருவரும் தனியாகப் பதிலைத் தெரிவு செய்வார்கள், பிறகு பக்கத்தில் உள்ளவர்களோடு பேசி மறுபடி பதில் சொல்வார்கள். அதன்பிறகுதான் விளக்கம். நான்கு பாடங்களை ஒப்பிட்டு 2013இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் தோல்வியடைவோர் விகிதம் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பேசிக் கற்கும்போது தனியாகப் பயந்துகொண்டிருந்தவர், பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியாது என்பதைக் கண்டுகொள்கிறார். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

இங்கேயும் ஒரு தொடக்கம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020இல் அறிவித்த நிரலாக்கம், தரவு அறிவியல் இணையவழிப் படிப்பில் சேர ஜேஇஇ எழுதியிருக்க வேண்டியதில்லை. நான்கு வாரம் பாடம் நடத்தி, அந்தப் பாடத்திலேயே நேரடித் தேர்வு வைத்துத்தான் சேர்க்கிறார்கள். முதலில் கற்பி, பிறகு சோதி என்ற இந்த எளிய வரிசையைத்தான் நம் நுழைவுத்தேர்வுப் பண்பாடு தலைகீழாக்கி வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் படிப்பிலும் அன்றாடப் பயிற்சி வீட்டுக் கணினியில்தான். வாசல் அகலமாகியிருக்கிறது. உள்ளே நடக்கப் பாதை இன்னும் போடப்படவில்லை.

கேட்க வேண்டியவை

முதலாவது, லேப் திறந்திருக்கும் நேரம். பல கல்லூரிகளில் மாலை ஐந்து மணிக்குப் பூட்டு விழுந்துவிடும். கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய கணினிகள் இரவெல்லாம் தூங்கும், விடுதி மாணவர் கைப்பேசித் திரையில் நிரலைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். லேப் இரவு வரை, சனிக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். வெளியூர்ப் பெண்கள் கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டியவர்கள் என்பதால் அவர்களுக்குப் பகல்நேர அட்டவணைக்குள்ளேயே பயிற்சி வேளைகள் வேண்டும். 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்ட அரசு மாணவர் விடுதிகளில் கணினி அறை, இணையம், மாலைநேரப் பயிற்றுநர் மூன்றும் சேர்ந்து வர வேண்டும். பெயர்ப்பலகையோடு நின்றுவிடக் கூடாது.

இரண்டாவது, வீட்டுக்கு அனுப்பும் பாதியின் அளவும் வடிவமும். பத்து நிமிடத்துக்கு மேல் போகாத, பதிவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய வீடியோக்கள் போதும். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. திரையில் மென்பொருள் அப்படியே இருக்கும், விளக்கம் தமிழிலும் கேட்கலாம். கைப்பேசியிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளும் உண்டு. கலைத்துப் போட்ட நிரல் வரிகளை விரலால் நகர்த்திச் சரியான வரிசையில் அடுக்கும் பயிற்சி 2006 முதல் கணினிக் கல்வி ஆய்வில் புழக்கத்தில் இருக்கிறது. தட்டச்சு தேவையில்லை, ஆனால் சிந்திக்க வைக்கும்.

மூன்றாவது, மொழி. தமிழ்நாடு பாடநூலில் பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான். தமிழ்வழி மாணவர்கள் மாறி, மடக்கு, செயற்கூறு என்று படித்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். கல்லூரி முதல் நாளிலேயே அந்த அறிவை வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறது. நிரல் ஆங்கிலக் குறிச்சொற்களில் இருக்கட்டும். விளக்கமும் விவாதமும் தமிழில் நடப்பதற்கு என்ன தடை? கணியம் போன்ற தன்னார்வ முயற்சிகள் பைத்தான், லினக்ஸ் நூல்களைத் தமிழில் இலவசமாகவே தந்திருக்கின்றன. தன்னார்வலர்களால் முடிந்தது பல்கலைக்கழகங்களால் முடியாதா?

நான்காவது, மதிப்பெண். பருவ இறுதியில் ஒரே தேர்வு என்பது தாமதமாகத் தொடங்கியவரைத் தண்டிக்கும் ஏற்பாடு. ஓர் அரியர் விழுந்தால் பல நிறுவனங்களின் கேம்பஸ் நேர்காணல் கதவு மூடிவிடும். வாரம் ஒரு சிறு தேர்வு, தவறினால் மறுபடி எழுத வாய்ப்பு, கடைசியில் எட்டிய இடத்துக்கே மதிப்பெண் என்று மாற்ற வேண்டும். யார் முதலிடம், யார் கடைசி என்று திரையில் ஏற்றிக்காட்டும் பட்டியல் வேண்டாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு நொடியில் விடையைத் தந்துவிடும் காலத்தில் வீட்டு அசைன்மெண்ட் யாருடைய அறிவையும் அளப்பதில்லை. அடிப்படை தெரிந்தவருக்கு அவை வேலைக்காரர். தெரியாதவருக்கு ஊன்றுகோல் போலத் தோன்றிக் காலையே மறக்கடித்துவிடும். ஆகவே முன்னால் உட்கார்ந்து எழுதும் நேரத்தின் மதிப்பு இன்று கூடியிருக்கிறது.

ஐந்தாவது, ஆட்கள். இதுதான் மிக முக்கியம். வீடியோ இருக்கிறதே, எதற்கு இத்தனை ஆசிரியர்கள் என்ற கேள்வி நிர்வாகங்களின் நாக்கு நுனியில் இருக்கிறது. ஏற்கெனவே பல அரசுக் கல்லூரிகள் தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடுகின்றன. அரசுக் கல்லூரியில் ஒரு நிரந்தரப் பணியிடம் காணாமல் போகும்போது அதனோடு ஓர் இடஒதுக்கீட்டு இடமும் போகிறது. ஒரு பதிவு செய்யப்பட்ட குரல் ஆயிரம் வகுப்பறைகளில் ஒலிக்கலாம், அந்தக் குரலுக்கு இடஒதுக்கீடு கிடையாது. எனவே கலப்புக் கற்றல் வந்தால் ஆசிரியர் எண்ணிக்கை குறையக் கூடாது, லேபில் கூட வேண்டும். மேல்வகுப்பு மாணவர்களை, குறிப்பாக முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களை, ஊதியம் கொடுத்துப் பயிற்றுநர்களாக நியமிக்க வேண்டும். அந்தப் பிழையைச் சென்ற ஆண்டு செய்தவருக்குத்தான் இந்த ஆண்டு செய்பவரின் தவிப்பு புரியும்.

"மடிக்கணினி கொடுத்தாயிற்றே?"

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கணினியைக் கொண்டுபோனது. அதை இலவசம் என்று எள்ளியவர்களின் பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்ததும் வரவேற்க வேண்டியதே. ஆனால் கருவி கதவு மட்டும்தான். நேரமும் இடமும் கேட்டால் சொல்லும் ஆளும் அதோடு வரவில்லையென்றால் அது படம் பார்க்கும் பெட்டியாகிவிட்டது என்று மாணவர்மேல் பழிபோடுவார்கள். 2021இல் தொழிற்படிப்புகளில் அரசுப்பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. உள்ளே வந்தவர்கள் முதல் பருவ நிரலாக்கப் பாடத்திலேயே அரியரோடு நின்றுபோனால், ஒதுக்கீட்டின்மேல் பழிபோடக் காத்திருப்பவர்களுக்கு அது விருந்தாகும்.

கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியுமா, ஏன் கோடிங்கிலும் சாதியைக் கொண்டுவருகிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யார் முன்னால் அது எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைத் தீர்மானித்த சமூகத்துக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்கள் தங்கள் துறையில் ஒரு வாரம் ஒரு கணக்கு எடுத்துப் பார்க்கலாம். லேப் எத்தனை மணி நேரம் திறந்திருந்தது? அதில் எத்தனை மணி நேரம் ரெக்கார்டுக்குப் போனது, எத்தனை மணி நேரம் உண்மையில் நிரல் எழுதப் போனது? வகுப்பில் சொந்தக் கணினி இல்லாதவர் எத்தனை பேர்? நான்கு எண்கள்தான். துறைத்தலைவரிடம் மனுவாகக் கொடுக்க அவை போதும். லேப் சாவி யாரிடம் இருக்கிறது, அது எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.